மகனுக்கு இரண்டு வயது முடிவதற்குள்: அங்கோரா, அயுத்தயாவா, மாமல்லபுரமா?

இலங்கையின் திருமலை, அதாவது திருகோணமலைதான் எங்கள் ஊர். என் கணவர் பக்கத்தில் நிலாவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். மே தொடங்கி செப்டெம்பர் வரை லீவு என்ற பேச்சே இல்லை. வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் வெளிநாட்டுக்காரர்கள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்து இராச்சாப்பாடு சாப்பிடுவோம். ஆகவே எங்கேயாவது போவதென்றால் நவம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரிக்குள் போக வேண்டும். மார்ச்சில் மகனுக்கு இரண்டு வயது முடிகிறது. சேர்த்து வைத்திருப்பது நான்கு லட்சம் ரூபா.

எங்கள் இருவருக்கும் பழைய கோயில்கள், இடிபாடுகள் என்றால் உயிர். கலியாணம் முடித்த கையோடு நாங்கள் போன முதல் பயணமே பொலன்னறுவைக்குத்தான். பிள்ளை பிறந்த பிறகு, “அவன் வளரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று சொல்லாதவர்கள் இல்லை. மாமியும் அதைத்தான் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காசுக் கணக்கைப் பார்த்தால் இப்போது போவதுதான் மலிவு. இரண்டு வயது முடியாத பிள்ளையை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் பெரியவருக்கான கட்டணத்தில் பத்திலொரு பங்கு அளவில் வாங்கும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒரு சிறு தொகையை நிர்ணயித்து வைத்திருக்கும். இரண்டு முடிந்துவிட்டால் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும், அதன் விலை பெரியவர் சீட்டுக்குக் கிட்ட வந்துவிடும். இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று: போகும்போது வயது முடியாமல், திரும்பி வரும் நாளில் முடிந்திருந்தாலும் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கத்தான் வேண்டும். பிறந்தநாளைப் பார்த்து நாள் வையுங்கள்.

எந்த நாடு என்று யோசிப்பதற்கு முதல் ஒரு சோதனை செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு மகனைத் திருமலையின் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு, தூக்காமல், அவசரப்படுத்தாமல் கோணேசர் கோயில் வரை நடக்க விட்டோம். வாசல் கல்லில் கொத்தியிருக்கும் இரட்டைக் கயலை நான் காட்டினேன்; அவன் பார்க்கவில்லை. கொஞ்சத் தூரத்தில் ஒரு மான் எதையோ சப்பிக்கொண்டு நின்றது. அதற்கு எதிரே குந்தியிருந்து, மானின் தாடை பக்கவாட்டில் அசைவதைப் பார்த்துத் தன் வாயையும் அப்படியே அசைத்துக்கொண்டிருந்தான். அதிலேயே இருபது நிமிடம் போயிற்று. பிறகு ஒரு சரளைக்கல், ஒரு எறும்பு வரிசை. பெரியவர்கள் கால் மணித்தியாலத்தில் நடந்துவிடும் வழியை அவன் ஐம்பது நிமிடத்தில் முக்கால்வாசிதான் நடந்தான். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு வந்தபோது கணவரின் தோளில் நித்திரையாகிவிட்டான்.

அந்தப் பின்னேரம் எங்களுக்கு ஒரு கணக்கு கிடைத்தது. இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் காலையில் இரண்டு மணித்தியாலமும் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலமும் தருவான். மிச்சமெல்லாம் சாப்பாடு, நித்திரை, குளிப்பு. அந்த மூன்றரை மணித்தியாலத்துக்காக எவ்வளவு தூரம் போகிறோம், எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. இன்னொன்று, பத்தரை பதினொரு மணிக்கு அவனைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க அறை பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய இடத்துக்கும் கட்டிலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு ஊரையும் எடைபோட்டேன்.

கம்போடியாவின் அங்கோரை முதலில் எழுதுகிறேன், மனம் அங்கேதான் கிடந்தது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட், ஏழாம் ஜெயவர்மனின் முகக் கோபுரங்கள் நிற்கும் பயோன், மரவேர்கள் கவ்விப் பிடித்த தா புரோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து படம் பார்த்துப் பார்த்து ஏங்கியது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை அங்கே மழை குறைவு, வெயிலும் கொஞ்சம் அடங்கியிருக்கும். எங்கள் லீவோடு அப்படியே பொருந்துகிறது. நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டொலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம். வயதைக் காட்டக் கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பாவிக்க வேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். பிள்ளையோடு போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரு நாள் கோயில், மறுநாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு 124 டொலர், ஏறத்தாழ 37,000 ரூபா. பெரிய தொகைதான், ஆனால் தாங்க முடியாதது இல்லை.

தாங்க முடியாதது அங்கே போய்ச் சேருவது. கொழும்பிலிருந்து அங்கோருக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்புக்கு நேரடி விமானம் கிடையாது. பாங்கொக்கிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாற வேண்டும். 2023 ஒக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து 50 கிலோமீற்றர் அளவு தள்ளி இருக்கிறது. திருமலையிலிருந்து கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓர் இரவுப் பயணம், அதற்கு மேல் இரண்டு விமானம், பிறகு அந்த 50 கிலோமீற்றர். வீட்டை விட்டு இறங்கி ஒன்றரை நாளுக்குப் பிறகுதான் பிள்ளையைக் கட்டிலில் கிடத்தலாம். நாங்கள் விலை பார்த்த நாளில் விமானச் செலவு மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டியது.

உப்புவெளியில் இருக்கும் என் தோழி மூன்று வயது மகளோடு அங்கே போய்வந்தவர். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே நாலரை மணிக்குப் பிள்ளையை எழுப்பியிருக்கிறார்கள். அன்று முழுவதும் பிள்ளை அழுதபடி. அங்கோர் வாட்டின் அகழியைக் கடக்கும் கற்பாதை நீளமானது, நிழல் இல்லை. உச்சித் தளத்துக்குப் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள். தாய் ஏறும்போது தகப்பன் கீழே, தகப்பன் ஏறும்போது தாய் கீழே. “மூன்றாம் நாள்தான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம், அன்றைக்குத்தான் மகளின் போக்கில் போனோம்” என்றார். அவர் சொன்ன ஒரு யோசனையை எல்லோருக்கும் சொல்லலாம்: நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் பந்தேய் சிரேய் கோயிலுக்கு ஒரு காலையை ஒதுக்குங்கள். கி.பி. 967இல் குடமுழுக்கு நடந்த சின்னக் கோயில், இளஞ்சிவப்புக் கல், எல்லாமே தாழ்வான அளவில் இருக்கும். பிள்ளையின் கண் மட்டத்துக்குச் சிற்பம் இறங்கி வந்திருக்கும் கோயில்கள் அங்கே அதிகம் இல்லை.

எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கோர் வாட்டின் கிழக்குப் பக்க நடையில் பாற்கடல் கடையும் சிற்பம் கிட்டத்தட்ட 49 மீற்றர் நீளத்துக்கு ஓடுகிறது. தேவர், அசுரர், வாசுகி, நடுவில் திருமால். அந்தச் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நின்று நின்று பார்க்க வேண்டும். கையில் ஒரு வயதும் பத்து மாதமும் ஆன பிள்ளையை வைத்துக்கொண்டு அது முடியாது. அவனுக்கு ஏழெட்டு வயதில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போனால் அவனே எனக்கு முன்னால் ஓடி ஒவ்வொருவராகக் காட்டுவான். அப்போதும் நுழைவுச்சீட்டு அவனுக்கு இலவசம்தான். அங்கோரை அதற்காக எடுத்து வைக்கிறேன்.

அயுத்தயா நான் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக வந்தது. கொழும்பிலிருந்து பாங்கொக்குக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து அயுத்தயா 80 கிலோமீற்றர் அளவு வடக்கே. சாதாரண ரெயிலில் மூன்றாம் வகுப்பில் போனால் சில்லறைக் காசு. யன்னலைத் திறந்து வைத்து, வயலும் வாய்க்காலும் பார்த்துக்கொண்டு போகலாம். எங்கள் மகனுக்கு ரெயில் என்றால் சாப்பாடே வேண்டாம். 2024 ஜூலையில் தாய்லாந்து விசா விலக்கு அளித்த 93 நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆனாலும் இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை. விமானச்சீட்டுக்குக் காசு கட்டும் நாளில் தூதரகத்தின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

1351இல் எழுந்து 1767இல் பர்மியப் படையால் எரிந்த தலைநகரம் அது. ஆறுகள் சுற்றி ஓடும் தட்டையான நிலம். இடிபாடுகள் ஊருக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன. தள்ளுவண்டி கொண்டுபோனால் பயன்படக்கூடிய ஒரே பழைய நகரம் என் பட்டியலில் இதுதான். பிள்ளைக்கான சோற்றுக்கஞ்சி தெருவிலேயே கிடைக்கும், பம்பர்ஸ் மூலைக்கு மூலை கடைகளில் கிடைக்கும்.

சரி, பிறகு ஏன் தயங்குகிறேன் என்றால், அங்கே பிள்ளையைத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இடிந்த சுவர்களில் ஏறக் கூடாது. வாட் மகாதாட்டில் மரவேருக்குள் அகப்பட்டிருக்கும் புத்தரின் தலைக்கு முன்னால் படம் எடுக்கிறவர்கள் அதைவிடத் தாழக் குனிந்துதான் எடுக்க வேண்டும். நம் நாட்டு விகாரைகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த மரியாதை புதிதில்லை, அது சரியான மரியாதையும்கூட. ஆனால் கண்டதிலெல்லாம் ஏறுவதுதான் இப்போது எங்கள் மகனின் முழுநேர வேலை. அவன் நாலு வயதில் “கும்பிடு, ஏறாதே” என்றால் விளங்கிக்கொள்வான். இரவு காய்ச்சல் வந்தால் என்ன பாஷையில் சொல்வது என்ற பயமும் எனக்கு இருந்தது. நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, ஆனால் காப்புறுதி இல்லாமல் போய்ப் படுத்தால் சேர்த்த காசு போதாது.

கத்மண்டுப் பள்ளத்தாக்கையும் பார்த்தோம். நம்மைப்போல சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறைவு, பக்தபூர் சதுக்கங்கள் அழகு. ஆனால் எங்களுக்கு லீவு கிடைக்கும் ஜனவரியில் அங்கே கடும் குளிர். திருமலையில் பிறந்து, சுவெற்றர் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு உடுப்பு வாங்குவதிலேயே ஒரு தொகை போய்விடும். ஜாவாவின் பொரோபுதூர் இன்னும் தூரம். இரண்டையும் விட்டுவிட்டோம்.

கடைசியில் எங்கள் கணக்கு எல்லாப் பக்கமும் சுற்றிவிட்டுத் தமிழ்நாட்டில் வந்து நின்றது. பக்கத்தில் இருப்பதாலும் பாஷை தெரிவதாலும் தமிழ்நாட்டை வெளிநாடு என்றே நாங்கள் எண்ணவில்லை. அதனால்தான் முதலில் அது எங்கள் பட்டியலிலேயே இல்லை. இப்போது அதே இரண்டு காரணங்களுக்காகத்தான் அதை மேலே வைக்கிறேன்.

போகும் வழிகள் மூன்று. கட்டுநாயக்காவிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை எல்லாவற்றுக்கும் விமானம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்தும் சென்னைக்கும் திருச்சிக்கும் இண்டிகோ பறக்கிறது. சென்னைச் சேவை 2024 செப்டெம்பரிலும் திருச்சிச் சேவை 2025 மார்ச் கடைசியிலும் தொடங்கியது. திருமலையிலிருந்து பார்த்தால் பலாலியும் கட்டுநாயக்காவும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கலாம். பிள்ளை குளித்து, அம்மம்மா கையால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பி விமானம் ஏறுவான். பறப்பது ஒன்றேகால் மணித்தியாலம் அளவுதான். சின்ன விமானம் என்பதால் பொதியின் நிறையை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

மூன்றாவது வழி காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல். 2023 ஒக்டோபரில் மறுபடி தொடங்கியபோது எல்லோரையும்போல நானும் சந்தோஷப்பட்டேன். நாலு மணித்தியாலப் பயணம், இறங்கினால் தஞ்சாவூர்ப் பக்கம். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் விடாது. 2024 நவம்பரில் நின்ற சேவை 2025 பெப்ரவரியில்தான் திரும்ப ஓடியது. எங்கள் லீவும் அதே மாதங்கள்தான். ஆடி ஆவணியில் லீவு கிடைக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. டிக்கெட் எடுக்க முன் உங்கள் விசாவில் நாகபட்டினத் துறைமுகம் வழியாக இறங்கலாமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இந்திய இணைய விசா எல்லாத் துறைமுகங்களுக்கும் செல்லாது.

மாமல்லபுரத்தை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம், அங்கே பழைய இடத்துக்கும் கட்டிலுக்கும் இடையே நடக்கிற தூரம்தான். சின்ன ஊர். கடற்கரைக் கோயில், குன்று, ஐந்து இரதங்கள் எல்லாம் ஓட்டோவில் சில நிமிடம். சென்னை விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் நுழையாமலே போய்விடலாம், ஐம்பது கிலோமீற்றர் அளவு. நுழைவுச்சீட்டுப் பலகையில் வெளிநாட்டவருக்கு 600 இந்திய ரூபா என்று பெரிய எழுத்தில் இருக்கும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சார்க் நாட்டுக்காரர்களுக்கு இந்தியர்களுக்கான அதே 40 ரூபாதான். இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டிக் கேட்டு வாங்க வேண்டும். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். ஒரே சீட்டில் அன்றைக்கு ஐந்து இரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிடலாம். இரண்டு பேருக்கும் சேர்த்து எங்கள் காசில் முந்நூறு ரூபா வராது. அங்கோரின் 37,000த்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தரை மணிக்குப் பிள்ளை அழுதால், வாங்கிய சீட்டு வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளாமல் அறைக்குத் திரும்பலாம்.

சிற்பங்களும் பிள்ளைக்கென்றே செய்ததுபோல இருக்கின்றன. ஐந்து இரதங்களுக்கு நடுவே ஒரே கல்லில் வெட்டிய யானை கிட்டத்தட்ட உண்மையான யானை அளவில் தரையில் நிற்கிறது. சிங்கம் ஒன்று, நந்தி ஒன்று. வீதியோரத்தில் அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம். அதில் யானைக்கூட்டம் இருக்கிறது, யானையின் காலடிக்குப் பக்கத்தில் தவம் செய்யும் பூனை இருக்கிறது, பூனையைச் சுற்றி எலிகள். கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. கோட்டை மான்களுக்கு முன்னால் இருபது நிமிடம் குந்தியிருந்த பிள்ளை அந்தக் கல் மானைக் கண்டால் என்ன செய்வான் என்று நினைத்து நினைத்து நான் சிரித்துக்கொள்கிறேன்.

ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் அந்தக் கரைக்கும் நம் கரைக்கும் ஒரே மழை, ஒரே புயல். பொங்கல் வாரத்தில், முக்கியமாகக் காணும் பொங்கலன்று, கடற்கரை முழுவதும் தலைகளாக இருக்கும். டிசம்பர் ஜனவரியில் நாட்டிய விழா நடப்பதால் அறை வாடகையும் ஏறும். ஜனவரி கடைசி வாரம்தான் சரி.

தஞ்சாவூரை இதோடு சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு இரவு யோசித்தோம். பயணம் கூடினால் பிள்ளை களைத்துவிடுவான் என்றார் கணவர். நான் விடவில்லை. எங்கள் திருமலையில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு அப்பால் பெரியகுளத்துப் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரையில், இராசராசப் பெரும்பள்ளி என்று அந்த இடத்தின் பெயரைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதே இராசராசன் 1010இல் முடித்ததுதான் தஞ்சாவூர்ப் பெரிய கோயில். என் பிள்ளை முதன்முதல் கடல் கடந்து போய்ப் பார்ப்பதில் அது இருக்க வேண்டும்.

வசதி என்று பார்த்தாலும் அது பிள்ளைக்கு ஏற்ற கோயில். நுழைவுக் கட்டணம் இல்லை. பகல் பன்னிரண்டரை அளவில் நடை சாத்திப் பின்னேரம் நான்கு மணிக்குத் திறப்பார்கள். எங்கள் மகனின் நித்திரை நேரமும் அதுவேதான். விசாலமான வெளிவீதி, சுற்றிவரத் திருச்சுற்று மாளிகையின் நிழல். மழை வெயில் எதுவானாலும் ஒதுங்கலாம். அறுபத்தாறு மீற்றர் உயர விமானத்தை அவன் அண்ணாந்து பார்க்காமல் போகலாம், ஆனால் ஒரே கல்லில் செய்த அந்த நந்தியை விடமாட்டான். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கு மேல் கல் சுடும். பிள்ளைக்கு இரண்டு சோடி தடித்த காலுறை கொண்டுபோங்கள், காலை ஆறரைக்கு உள்ளே நில்லுங்கள். மாட்டுப்பொங்கலன்று நந்திக்குக் காய்கறியாலும் பழத்தாலும் அலங்காரம் செய்வார்கள். பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் அந்த நெரிசலுக்குள் இந்த வயதுப் பிள்ளையைக் கொண்டுபோகமாட்டேன்.

தாராசுரமும் கட்டணமில்லாத கோயில்தான். கும்பகோணத்துக்குப் பக்கம். குதிரை பூட்டிய தேர்போல மண்டபத்தைச் செய்திருக்கிறார்கள், கல்லில் சக்கரம் இருக்கிறது. கூட்டம் பெரிய கோயிலைவிடக் குறைவு. நேரமிருந்தால் ஒரு காலை அங்கே. கங்கைகொண்டசோழபுரத்துப் புல்வெளியும் சிங்கக் கிணறும் அடுத்த தடவைக்கு.

ஆக எங்கள் முடிவு இப்படி: பலாலியிலிருந்து சென்னை, மாமல்லபுரத்தில் நான்கு இரவு, செங்கல்பட்டில் ரெயில் ஏறித் தஞ்சாவூர், அங்கே மூன்று இரவு, பிறகு திருச்சியிலிருந்து பலாலி. ரெயிலில் ஐந்தாறு மணித்தியாலம். அதைப் பகல் நித்திரை நேரத்தை உள்ளடக்கும்படி எடுக்கிறோம். தள்ளுவண்டி வீட்டில் நிற்கும், மாரோடு கட்டித் தூக்கும் பை போதும். பால்மா, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்), காய்ச்சல் பாணி மருந்து, பிளாஸ்க் இவை இங்கிருந்து. பம்பர்ஸ் இரண்டு நாளுக்கு மட்டும், மிச்சம் அங்கே வாங்கலாம். ஒரு நாளுக்கு ஓர் இடம், அதற்கு மேல் இல்லை என்று கணவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். அவர்தான் கல்வெட்டைக் கண்டால் நகராதவர்.

இனிப் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு. எவ்வளவு சின்னப் பிள்ளையானாலும் தனியாக எடுக்க வேண்டும், அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. வியாழக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் போகிறோம். நேற்றுப் படம் எடுக்கப் போனபோது வாயை மூடவே மாட்டேன் என்றான். ஆறாவது தடவை படப்பிடிப்பாளர் ஒரு மான் பொம்மையைத் தூக்கிக் காட்டினார். அதன் வாயையே பார்த்துக்கொண்டு தன் வாயைக் கப்பென்று மூடினான்.